ஊழியருக்குத் தெரிவி

சம்பளத்தில் உள்ளூர் வரி பிடிப்பதற்காக நான் கணக்கு மென்பொருளில் திறந்த பக்கத்தில், ஓர் ஆளைத் தேடிப்போய் அடிக்க என்னவெல்லாம் வேண்டுமோ அத்தனைக்கும் கட்டம் கட்டி வைத்திருந்தார்கள். பெயர். தெரு. கதவு எண். எத்தனையாவது மாடி. எந்தத் தேதியிலிருந்து அங்கே குடியிருக்கிறார். கடைசியில் தொலைபேசி எண். காலை ஒன்பது மணிக்கு அது எனக்கு வரி விவரமாகத்தான் தெரிந்தது. பதினொரு மணிக்குத்தான் அது வேறு என்னவென்று புரிந்தது.

எங்களுடையது இரும்புச் சாமான் மொத்த வியாபாரம். ஆணி, சங்கிலி, கீல், தாழ்ப்பாள், கம்பி வலை. முன்னால் கடை, நடுவில் எடை அறை, அதற்குப் பின்னால் கிடங்கு, கிடங்கை ஒட்டி சுமைக்காரர்கள் தங்கும் தகரக் கொட்டகை. இருபத்துமூன்று பேர் சம்பளம் வாங்குகிறோம். முதலாளி வாங்குவதில்லை. அவர் எடுத்துக்கொள்வார்.

அந்த மாதம் மாநகராட்சி ஊரை ஒன்பது மண்டலமாக வெட்டி, கூலி வாங்குகிற ஒவ்வொருவருக்கும் அவர் தூங்குகிற மண்டலத்தின் விகிதப்படி வரி பிடிக்கச் சொல்லிவிட்டது. எங்கே வேலை செய்கிறார் என்பது கணக்கில்லை, எங்கே தூங்குகிறார் என்பதுதான் கணக்கு. மூன்றாம் மண்டலத்தில் நூற்றுக்கு மூன்று. இரண்டாம் மண்டலத்தில் இரண்டரை. ஏழில் வெறும் ஒன்று. ஒன்பதில் ஒன்றுமே இல்லை.

முதலாளி பட்டியலை மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"ஏம்பா கணக்கு, ஒம்பதுல ஒண்ணும் கிடையாதா? அப்ப எல்லாரையும் ஒம்பதுல போட்டுடு."

"ஒம்பதாம் மண்டலத்துல ஜெயிலும் குப்பை மேடும்தான் இருக்கு முதலாளி."

"நம்ம ஆளுங்க ரெண்டுக்கும் பொருத்தமானவங்கதானே."

"வரி உங்க கையிலேர்ந்து போகல. அவங்க சம்பளத்துலதான் பிடிக்கப் போறோம். தப்பா போட்டா அபராதம் மட்டும் உங்களுக்கு."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்ப சரியா போடு. தொழில்ல நேர்மைதான் முக்கியம்."

ஆள் ஆளாகக் கூப்பிட்டு முகவரி கேட்டேன். சுமைக்காரர்கள் பதினொரு பேருக்கும் ஒரே முகவரி, மூன்றாம் மண்டலம், கிடங்குக் கொட்டகை. அவர்களுடைய தலைவரை எல்லோரும் கொக்கி என்றுதான் அழைப்பார்கள். மூட்டையைக் குத்தி இழுக்கும் இரும்புக் கொக்கி அவர் தோளிலேயே தொங்கும். குளிக்கும்போது கழற்றுவார் என்று கேள்வி.

"ஒரே தகரத்துக்குக் கீழ பதினோரு பேர் தூங்குறோம். பதினோரு வரியா சார்?" என்றார் கொக்கி. "மொத்தமா எடுத்தா குறைச்சுப் போட மாட்டாங்களா?"

"ஆளுக்கு ஆள்தான்."

"அப்ப குறட்டை விடுறவனுக்கு மட்டும் கூட போடுங்க. இடத்தை அவன்தான் அடைக்கிறான்."

பின்னால் நின்ற ஒல்லியான ஒருவன் தலையைச் சொறிந்தான். "சார், எனக்கு ஒரு சந்தேகம். வாரத்துல ரெண்டு நாள் வேற ஒரு வீட்டுல தூங்குறேன்."

"எந்த மண்டலம்?"

"அதை இங்க சத்தமா கேக்காதீங்க சார்."

அன்றிலிருந்து அவனுக்கு ரெட்டைவீட்டான் என்று பேர் விழுந்தது. அன்றைக்கே அவன் தாடையும் உடைந்தது. அது பின்னால்.

கடைசியாக எடை அறையிலிருந்து தராசக்கா வந்தாள். ஆணியை எடை போட்டுப் பெட்டியில் அடைப்பது அவள் வேலை. நாலு வருடமாக அவள் போட்ட எடையில் ஒரு வாடிக்கையாளரும் குறை சொன்னதில்லை. முதலாளி அதைத் தன் வருத்தங்களில் ஒன்றாக வைத்திருந்தார்.

"எழுதுங்க தம்பி. ரெண்டாம் மண்டலம், பட்டறைச் சந்து, ஆறு."

நான் எழுதவில்லை. நான் வளர்ந்தது பழைய பாத்திரம் விற்கிற குடும்பத்தில். எதிரே நிற்கிற ஆள் எந்தத் திசையிலிருந்து வந்தார், செருப்பில் எந்தத் தெரு மண் ஒட்டியிருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் எங்கள் வீட்டில் விலையே சொல்வார்கள். அக்கா இரண்டு மாதமாகக் காலையில் ஏழாம் மண்டலத்துப் பேருந்தில்தான் வந்து இறங்குகிறாள்.

"அக்கா, நீங்க இப்ப ஏழுலதானே இருக்கீங்க?"

"அதெல்லாம் இருக்கட்டும். ரெண்டுன்னே போடுங்க."

"ரெண்டுல போட்டா மாசம் இருநூறு போகும். ஏழுல எண்பதுதான். மாசத்துக்கு நூத்தியிருபது. வருஷத்துக்கு ஆயிரத்து நானூறுக்கு மேல. சும்மா தூக்கிக் குடுப்பீங்களா?"

"குடுத்துட்டுப் போறேன்."

ஒருவர் கண்ணெதிரே காசை விட்டுக்கொடுத்தால் எனக்குப் பல் கூசும். பரம்பரை வியாதி. விடாமல் கேட்டேன். அவள் கதவைச் சாத்திவிட்டு வந்து, வலது கையை என் மேசைமேல் விரித்து வைத்தாள். நடுவிரலும் மோதிரவிரலும் மடங்கவில்லை. நகம் இருக்க வேண்டிய இடத்தில் வழவழப்பாகத் தோல்.

"பட்டறையில ஒரு பிடிப்பான் இருக்கும், பாத்திருப்பீங்க. இரும்பைக் கவ்வ வச்சுத் திருகுவாங்களே. அதுல வச்சுத் திருகினாரு. சாப்பாட்டுல உப்பு பத்தலன்னு இல்ல. அவர் பேசும்போது நான் ஜன்னலைப் பாத்தேனாம்."

அவர் என்றால் அவள் புருஷன். எங்களுக்கு அவரை நன்றாகத் தெரியும். கதவும் கிராதியும் செய்கிற வெல்டர். மாதம் தவறாமல் எங்களிடம் கம்பி எடுப்பவர், ரொக்கமாகக் கொடுப்பவர். எல்லோரையும் அண்ணே என்பார், குரலை உயர்த்தமாட்டார். ஒருமுறை கடை வாசலில் ஒரு லாரிக்காரன் அவர் காலை மிதித்துவிட்டான். "பரவாயில்லண்ணே" என்று சிரித்துக்கொண்டே வெல்டர் அவனுக்குக் கை கொடுத்தார். கொடுத்த கையைக் குலுக்கினார். குலுக்கிக்கொண்டே இருந்தார். விட்டபோது லாரிக்காரனின் சுண்டுவிரல் வேறு திசையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அக்கா மகளைக் கூட்டிக்கொண்டு அவரை விட்டு வந்த மறுநாள் அவர் கடைக்கு வந்தார். வேலையை விட்டு நின்றுவிட்டாள், எங்கே போனாள் என்று தெரியாது என முதலாளி முகத்தில் ஒரு மடிப்பும் இல்லாமல் சொன்னார். முதலாளி தன் வாழ்நாளில் இலவசமாகக் கொடுத்த ஒரே சரக்கு அந்தப் பொய்தான். அதற்குப் பிறகு அக்கா கொட்டகை வழியாகப் பின்வாசலில் வந்து பின்வாசலில் போனாள். வெல்டர் முன்வாசலில் வந்து கம்பி வாங்கிப் போனார். நடுவில் இரண்டு சுவரும் பதினொரு சுமைக்காரர்களும் இருந்தார்கள். ஏதோ வீட்டுச் சண்டை என்றுதான் நான் நினைத்திருந்தேன். பிடிப்பான் விவகாரம் அன்றுதான் தெரியும்.

"அக்கா, இது இந்தக் கம்ப்யூட்டர் பெட்டிக்குள்ளயே இருக்கும். என்னைத் தவிர யாரும் பாக்க மாட்டாங்க. எதுக்கு நூத்தியிருபது?"

அவள் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தாள். "பெட்டிய விட்டு வெளிய போகாதே?"

"என் பொறுப்பு."

"மகளுக்கு இன்னிக்குக் காய்ச்சல். தனியா படுத்திருக்கா. அதுக்கு மருந்து வாங்கணும்." அந்த நூற்றிருபது அவளுக்கும் கணக்கில் வந்துவிட்டது. "எழுதுங்க. ஏழாம் மண்டலம், சலவைக்கூடத் தெரு, பதினாலு, மூணாவது மாடி."

எழுதினேன். இருபத்துமூன்று பேருக்கும் மண்டலம் போட்டாயிற்று, விகிதம் போட்டாயிற்று, தேதி போட்டாயிற்று. கடைசிப் பக்கத்தில் 'அனைத்தையும் சேமி' என்று பச்சைப் பொத்தான். அமுக்கினேன்.

கிடங்கில் ஒரு போன் ஒலித்தது. அப்புறம் இன்னொன்று. அப்புறம் கொட்டகையில் நாலைந்து சேர்ந்தாற்போல. மேசைமேல் என் போனும் துள்ளியது. எடுத்துப் பார்த்தேன். 'உள்ளூர் வரிப் பதிவு. தங்கள் வசிப்பிடம்' என்று தொடங்கி என் வீட்டு முகவரி முழுதும் இருந்தது. கீழே பணியிடம், எங்கள் கடையின் பெயர். பிழையிருந்தால் தெரிவிக்கவும்.

பச்சைப் பொத்தானுக்கு மேலே சின்னதாக ஒரு கட்டம். அதில் 'ஊழியருக்குத் தெரிவி' என்று எழுதி, டிக்கும் அவர்களே போட்டு வைத்திருந்தார்கள்.

"சார், கவர்மெண்டு எனக்கு லெட்டர் போட்டிருக்கு" என்று வெளியே ரெட்டைவீட்டான் கத்தினான். "எந்த வீட்டுக்குடா?" என்று யாரோ கேட்க, பலர் சிரித்தார்கள்.

தராசக்கா எடை அறை வாசலில் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"எல்லாருக்கும் வந்துச்சு. எனக்கு வரலையே தம்பி?"

அவள் பக்கத்தைத் திறந்தேன். முகவரியை எல்லோரிடமும் புதிதாகக் கேட்டேனே தவிர, எண்களைப் பழைய பதிவேட்டிலிருந்து அப்படியே ஏற்றியிருந்தேன். வேலைக்குச் சேர்ந்தபோது அவளிடம் போன் கிடையாது. அவளைக் கொண்டுவந்து சேர்த்துவிட்ட புருஷன் தன் எண்ணைத் தன் கையாலேயே எழுதிக் கொடுத்திருந்தார். கோணல் இல்லாத, அழகான கையெழுத்து.

நான் எண்ணை உரக்கப் படித்திருக்க வேண்டியதில்லை. பாதி படிக்கும்போதே அக்காவின் முகத்திலிருந்து இரத்தம் இறங்கிவிட்டது. அவள் என்னைத் திட்டவில்லை. "பாப்பா" என்று மட்டும் சொன்னாள்.

முன்கடையில் தொலைபேசி அடித்தது. முதலாளி எடுத்துவிட்டு என்னைக் கைகாட்டி அழைத்தார், ஒலிபெருக்கியை அமுக்கினார். சாலை இரைச்சலுக்கு நடுவே வெல்டரின் பதமான குரல்.

"முதலாளிண்ணே, நல்லா இருக்கீங்களா? என் பொண்டாட்டி உங்ககிட்டதான் வேலை பாக்குறாளாம். கவர்மெண்டே சொல்லுது. உங்களுக்குத் தெரியாமப் போச்சு போல."

"அது வந்து, கணக்குல ஏதோ பிசகு..."

"பிசகெல்லாம் இல்லண்ணே. சலவைக்கூடத் தெரு எனக்குத் தெரியும். போய்க்கிட்டேதான் இருக்கேன். அங்க வேலைய முடிச்சுட்டு உங்ககிட்ட வரேன். பாக்கி எதுவும் வச்சுப் பழக்கமில்ல எனக்கு."

வைத்துவிட்டார்.

அக்கா பின்வாசலை நோக்கி ஓடினாள். கொக்கி குறுக்கே கை நீட்டித் தடுத்தார். "பஸ்ல போனா முக்கால் மணி நேரம். டாக்ஸிக்குச் சொல்லியாச்சு, இரும்மா." அக்கா குடியிருக்கிற கட்டடத்தின் சொந்தக்காரருக்குப் போன் போட்டோம், எடுக்கவில்லை. காவல் நிலையத்துக்குப் போட்டோம். எந்த மண்டலம் என்று கேட்டார்கள். ஏழு என்றோம். இது மூன்றாம் மண்டல நிலையம், ஏழுக்கு வேறு எண் என்றார்கள். அந்த எண் அடித்துக்கொண்டே இருந்தது.

நான் திரையின் முன்னால் போய் உட்கார்ந்தேன். அந்தக் கட்டத்தில் டிக் இன்னும் இருந்தது. அனுப்பியது இந்தப் பெட்டிதான் என்றால் மறுபடி அனுப்பவும் இதனால் முடியும்.

"வேற முகவரி போட்டு அனுப்பினா திரும்பிடுவாரு" என்றேன். "முதல்ல வந்தது தப்பு, இதுதான் சரின்னு. ஆனா அவர் நம்புற மாதிரி ஒரு இடம் வேணும்."

"போலீஸ் ஸ்டேஷனைப் போடு" என்றார் முதலாளி.

"நம்ப மாட்டாரு."

சந்தையில் வளர்ந்தவனுக்கு ஒன்று தெரியும். நல்ல சரக்கைவிட, வாங்க வந்தவன் மனதில் ஏற்கனவே இருக்கிற சரக்குதான் சீக்கிரம் விலைபோகும். இந்த ஆள் இரண்டு மாதமாகப் பொண்டாட்டியைப் பற்றி மனதில் எதைப் போட்டு உருட்டிக்கொண்டிருப்பார் என்று எனக்குத் தெரியும். ஆனால் அக்காவை வைத்துக்கொண்டு வாயால் சொல்ல வரவில்லை.

கொக்கிக்கு வந்தது. "எங்க கொட்டகையப் போடுங்க சார். பதினோரு ஆம்பளைங்களோட இருக்கான்னு போட்டா, பறந்து வருவான்." அக்காவைத் திரும்பிப் பார்த்தார். "தப்பா நினைக்காதம்மா."

"போடுங்க" என்றாள் அக்கா. "சீக்கிரம்."

ஏழு என்பதை அழித்து மூன்று போட்டேன். கிடங்குக் கொட்டகை. விகிதம் தானாக நூற்றுக்கு மூன்றுக்கு ஏறியது. மாற்றத்துக்கான காரணம் கேட்டது. முந்தைய பதிவு பிழை என்று அடித்தேன். எந்தத் தேதியிலிருந்து என்று கேட்டது. இரண்டு மாதத்துக்கு முந்தைய தேதியைப் போட்டேன். டிக் இருக்கிறதா என்று ஒருமுறைக்கு இரண்டுமுறை பார்த்தேன். பச்சைப் பொத்தான். மணி பதினொன்று பன்னிரண்டு.

டாக்ஸி வந்து முன்னால் நிற்கையில் பதினொன்று முப்பத்தைந்து. அக்கா கதவைத் திறந்து ஒரு காலை உள்ளே வைத்தபோது பின்சந்தில் அந்த பைக் சத்தம் கேட்டது. அவளுக்கு அந்தச் சத்தம் தெரியும். காலை வெளியே எடுத்தாள்.

"ஏறும்மா, அவனை நாங்க பாத்துக்கிறோம்" என்றார் முதலாளி.

"அவர் எங்கேர்ந்து வராருன்னு தெரியணும். அங்க போயிட்டு வராரா, பாதியில திரும்பினாரா."

எடை அறை வழியாகத் திரும்பி நடந்தாள். தராசுத் தட்டிலிருந்த ஐந்து கிலோ எடைக்கல்லை, கடைக்குப் போகிறவள் பையை எடுப்பதுபோல எடுத்துக்கொண்டாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

வெல்டர் கொட்டகைக்குள் நுழைந்தபோது கையில் ஒரு கெஜ நீளத்துக்கு இரும்புப் பட்டை. ஒரு முனையைச் சாணை பிடித்திருந்தார். எங்கள் கடையில் வாங்கிய பட்டைதான், முத்திரை தெரிந்தது. வாசலில் நின்ற ரெட்டைவீட்டான் "என்னண்ணே வேணும்?" என்றுதான் கேட்டான். பட்டை அவன் தாடையில் இறங்கியது. ஈரமான பலகை பிளக்கிற சத்தம். அவன் உட்கார்ந்தான், வாயைப் பொத்திய விரல்களுக்கு இடையே பல்லும் இரத்தமும் சேர்ந்து வழிந்தன. அடுத்தவன் கையை உயர்த்தித் தடுத்தான். முழங்கைக்குக் கீழே சதை திறந்துகொண்டு வெள்ளையாக ஏதோ தெரிந்தது. அத்தனையும் ஒரு பேச்சு இல்லாமல் நடந்தது. வெல்டர் கதவு செய்கிறவரைப்போல நிதானமாக, அளந்து அளந்து அடித்தார்.

கொக்கி பக்கவாட்டில் போனார். இருபது வருடமாக மூட்டைகளை எந்த இடத்தில் குத்தி இழுத்தால் சாயும் என்று தெரிந்தவர். இரும்புக் கொக்கி வெல்டரின் தொடைக்குப் பின்பக்கம் ஏறியது. இழுத்தார். வெல்டர் முதன்முறையாகச் சத்தம் போட்டார். ஆணிப் பெட்டிகள்மேல் சரிந்தார், பெட்டிகள் உடைந்து மூன்றங்குல ஆணி தரையெல்லாம் ஓடியது. அதன்மேல் புரண்டார்கள். ஏழெட்டுப் பேர், செருப்புக் காலும் வெறுங்காலும். ஒருவன் சங்கிலியால் அடித்தான். இன்னொருவன் முகத்தில் மிதித்தான். மூக்கு எந்தப் பக்கம் என்று தெரியாமல் போகிறவரை மிதித்தான். நான் கண்ணை எடுக்கவில்லை. அதைச் சொல்லிவிடுவதுதான் முறை.

"விடுங்க" என்றாள் தராசக்கா.

விட்டார்கள். வெல்டர் மல்லாந்து கிடந்தார். வலது கை இரும்புப் பட்டையைத் தேடிச் சிமெண்டுத் தரையில் ஊர்ந்தது. அக்கா அந்த மணிக்கட்டின்மேல் காலை வைத்தாள், பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள்.

"பாப்பாகிட்ட போனியா?"

அவரை அவள் ஒருமையில் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. வெல்டருக்கும் முதல் தடவையாக இருந்திருக்க வேண்டும். உடைந்த வாயால் சிரித்தார்.

"போயிட்டுதான் வரேன்."

"என்ன செஞ்ச?"

"போய்ப் பாரு."

எடைக்கல் மேலே போனது எனக்குத் தெரியவில்லை. கீழே வந்தது தெரிந்தது. ஐந்து கிலோ என்றால் ஐந்து கிலோ. விரல்கள் தரைக்கும் கல்லுக்கும் நடுவே இருந்தன. வெல்டர் போட்ட அலறலில் தகரம் அதிர்ந்தது. அவள் மறுபடி கேட்டாள், அதே குரலில், எடை சொல்கிற குரலில். "பாப்பாவ என்ன செஞ்ச?" அவர் பதில் சொல்லவில்லை. இரண்டாவது. கேட்டாள். மூன்றாவது முறைக்குப் பிறகு அங்கே கேட்பதற்கு ஆள் இல்லை, மயங்கிவிட்டார். கை என்று சொல்லக்கூடிய வடிவமும் இல்லை.

கல்லைக் கீழே வைத்தாள். தரையில் உருளாதபடி, பார்த்து வைத்தாள்.

டாக்ஸிக்காரர் காத்திருந்ததற்குத் தனியாகக் காசு கேட்டார். முதலாளி கேட்டதை எண்ணிக் கொடுத்தார், பேரம் பேசவில்லை. முப்பது வருடத்தில் அதைப் பார்த்தவன் நான் ஒருவன்தான்.

வழியெல்லாம் அக்கா மடங்காத இரண்டு விரலை இடது கையால் பிடித்துக்கொண்டிருந்தாள். முன்கைவரை இரத்தம் தெறித்துக் காய்ந்திருந்தது. கண்ணாடியில் அதைப் பார்த்த டாக்ஸிக்காரர் சிக்னல்களில் நிற்பதை விட்டுவிட்டார்.

சலவைக்கூடத்தின் நீராவி வாடை, மூன்று மாடிப் படி. கதவின் நடுவில் பூட்ஸ் தடம். ஒன்றில்லை, ஏழெட்டு. கீழ்ப்பலகை உள்ளே குழிந்திருந்தது. மேல் கீல் பாதி பிய்ந்து திருகாணி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஆனால் கதவு மூடியிருந்தது.

அக்கா தட்டினாள். இரண்டு, நிறுத்தி, ஒன்று. உள்ளே எதுவும் அசையவில்லை. மறுபடி தட்டினாள். அந்த நேரத்தில் நான் செய்த கணக்கையெல்லாம் எழுதமாட்டேன்.

தாழ்ப்பாள் நகர்கிற சத்தம். கனமான சத்தம். எங்கள் கடையின் எட்டங்குலத் தாழ்ப்பாள், கிடங்குக் கதவுக்குப் போடுவது. இந்த அறைக் கதவுக்கு அது அதிகம். இரண்டு மாதத்துக்கு முன்னால் அக்கா அதைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சொல்லி வாங்கினாள். எதற்கு இவ்வளவு பெரியது, நாலங்குலம் போதுமே, விலை பாதிதானே என்று அவளுக்கு நான் புத்தி சொல்லியிருந்தேன்.

மகள் போர்வையைச் சுற்றிக்கொண்டு நின்றாள். ஒன்பது வயது. காய்ச்சல் கண்.

"அப்பா வந்தாரு" என்றாள். "கதவ ஒதச்சாரு. ரொம்ப நேரம். நான் கட்டிலுக்குக் கீழ போயிட்டேன். அப்புறம் அவரு போன்ல சத்தம் வந்துச்சு. டிங்குன்னு. அப்புறம் ஒதைக்கல. படியில இறங்கிப் போயிட்டாரு."

அக்கா அவளைத் தூக்கவில்லை. கையில் இருந்த இரத்தத்தைப் பார்த்தாள், குழாயடிக்குப் போனாள், முழங்கைவரை தேய்த்துக் கழுவினாள், அதன்பிறகுதான் வந்து தூக்கினாள். நான் கதவைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தேன்.

மறுநாள் மாலையில் ஒரு காவல் அதிகாரி கடைக்கு வந்தார். வெல்டரின் போன் அவர் கையில் இருந்தது. இரண்டு செய்தியையும் எனக்குக் காட்டினார்.

"இதுல எது சரி?"

"ரெண்டாவது சார். முதல்ல வந்தது என் தப்பு. திருத்திட்டேன்."

அவர் எழுதிக்கொண்டார். ஆக, காவல் துறைப் பதிவேட்டிலும் அக்கா தகரக் கொட்டகையில்தான் குடியிருக்கிறாள்.

"அந்த ஆளோட கை எப்படி அப்படி ஆச்சு?"

"எடைக்கல் விழுந்துச்சு சார்" என்றார் கொக்கி.

"மூணு தடவ விழுந்த மாதிரி இருக்குன்னு டாக்டர் சொல்றாரு."

"உருண்டு உருண்டு விழுந்துச்சு. கனமான சாமான், நம்ம பேச்சக் கேக்காது."

அதிகாரி அந்தப் பதினொரு பேரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். கம்பி போட்டுக் கட்டிய தாடையோடு ரெட்டைவீட்டான் ஆமாம் என்று தலையசைத்தான். ஆணியைத் துடைத்துப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்த அக்காவையும் பார்த்தார், அவள் விரல்களையும் பார்த்தார். நோட்டை மூடினார்.

இரும்புப் பட்டையோடு கொட்டகைக்குள் புகுந்தது, தாடையை உடைத்தது, கையைக் கிழித்தது எல்லாம் சேர்த்து வெல்டருக்கு நாலரை வருடம் கிடைத்தது. இப்போது அவர் ஒன்பதாம் மண்டலத்தில் தூங்குகிறார். வரி கிடையாது.

ஏழாம் மண்டலத்து அறையை அக்கா அந்த வாரமே காலி செய்தாள். தாழ்ப்பாளையும் கழற்றிக்கொண்டு போனாள். எங்கே என்று நான் கேட்கவில்லை, அவள் சொல்லவும் இல்லை. மென்பொருளில் அவள் முகவரி இன்னும் மூன்றாம் மண்டலம், கிடங்குக் கொட்டகை. மாதம் இருநூற்று நாற்பது பிடிக்கிறேன். ஊரிலேயே அதிக விகிதம் அதுதான். "அக்கா எங்க வீட்டுக்கு வரி கட்டுறாங்க, நாங்க வாடகை கேக்கலாமா?" என்று ரெட்டைவீட்டான் கோணல் வாயால் கேட்பான். "உன் இன்னொரு வீட்டுக்கு நீ என்ன கட்டுறேன்னு முதல்ல சொல்லு" என்பாள் அவள். பொய் முகவரி என்று தெரிந்தால் அபராதம் தனக்குத்தான் என்று முதலாளிக்குத் தெரியும். "வந்தா பேசிக் குறைச்சுக்கலாம்" என்றார், அவ்வளவுதான்.

முதல் மாதம் அவள் சம்பள உறையில் நூற்றறுபது கூட வைத்தேன், என் கையிலிருந்து. கொட்டகை வரிக்கும் ஏழாம் மண்டலத்து வரிக்கும் உள்ள வித்தியாசம். அவள் எண்ணிப் பார்த்தாள், எடை போடுகிறவளிடம் ஒன்று கூடினாலும் தெரிந்துவிடும். மிச்சத்தை என் மேசைமேல் வைத்தாள்.

"இதுக்குத்தான் தம்பி அன்னிக்கு வேணாம்னேன்."

"என் தப்புக்கு நான் குடுக்குறேங்க்கா."

"உங்க தப்பு நூத்தறுபதுக்குள்ள அடங்குமா?" கோபமாகச் சொல்லவில்லை. விலை கேட்கிற தொனிதான். நான் காசை எடுத்து உள்ளே வைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதக் கடைசியிலும் சம்பளப் பட்டியலை முடித்துவிட்டு நான் அவளைக் கூப்பிடுவேன். கூப்பிடாவிட்டால் தானே வருவாள். என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்பாள், ஆணி எண்ணெய் வாசனையோடு. சம்பளம் எவ்வளவு, பிடித்தம் எவ்வளவு என்றெல்லாம் பார்ப்பதில்லை. பச்சைப் பொத்தானுக்கு மேலே இருக்கிற அந்தச் சின்னக் கட்டத்தை மட்டும் பார்ப்பாள். மென்பொருள் ஒவ்வொரு முறையும் அதில் டிக் போட்டு வைத்திருக்கும். நான் எடுப்பேன். எடுத்துவிட்டேனா என்று குனிந்து, மடங்காத விரலால் திரையில் அந்த இடத்தைத் தொட்டுப் பார்ப்பாள்.

"சரி, அமுக்குங்க" என்பாள்.

அமுக்குவேன். இருவரும் கொஞ்ச நேரம் அப்படியே காத்திருப்போம். கிடங்கில் எந்தப் போனும் ஒலிக்காது. அப்புறம் அவள் தராசுக்குப் போவாள்.